உடைந்த ஓட்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: சென்னையின் அரசுக் கட்டடப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே,

பொதுப்பணித் துறையிலும் பெருநகர சென்னை மாநகராட்சியிலும் இந்து சமய அறநிலையத் துறையிலும் பழைய கட்டடங்களுக்கும் மொட்டை மாடிகளுக்கும் மதிப்பீடு தயாரிக்கிறவர்கள் நீங்கள். இந்த மடலை எழுதும் எங்களில் சுண்ணாம்புத் தளம் போடும் கொத்தனார்கள் இருக்கிறார்கள், சூளைக்காரர்கள் இருக்கிறார்கள், இவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். உடைந்த பானை, நாட்டு ஓடு, மிதமாக வெந்த செங்கல் ஆகியவற்றை அரைத்த தூளைச் சுண்ணாம்புத் தளத்தின் ஒரு பங்காக மதிப்பீட்டில் எழுதுங்கள். சோதித்து வாங்குங்கள். அந்தத் தளத்துக்கு வேண்டிய கூலியையும் நாட்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மொட்டை மாடித் தளத்துக்கு நீங்கள் எழுதும் உருப்படி எங்களுக்கு மனப்பாடம். 20 மி.மீ. செங்கல் ஜல்லி, மணல் சேர்க்காத நீற்றிய சுண்ணாம்பு, கன அளவில் 32-க்கு 12½ பங்கு. மரக்கட்டையால் நன்றாக அடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் 23 செ.மீ. சதுரத்தில் 20 மி.மீ. கனமுள்ள அழுத்த ஓடு, 1:3 சிமென்ட் கலவையில், நீர்புகாப் பொருள் சிமென்ட் எடையில் 2 சதவீதம், சந்துகளில் சிவப்பு ஆக்சைடு கலந்த பூச்சு. உருப்படி நல்ல உருப்படிதான். எத்தனையோ ரசாயனப் பூச்சுகள் வந்துபோன பிறகும் அது நிற்கிறது. ஆனால் ஒரு பொருள் அதில் இல்லை. அது இல்லாததால்தான் ஐந்தாறு மழைக்காலம் கடந்து ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் சுண்ணாம்பு தயிர்போல ஈரமாக, விரலால் வழிக்கிற பதத்தில் கிடக்கிறது.

காரணம் சுண்ணாம்பின் குணத்தில் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பானாலும், இன்று கடையில் கிடைக்கும் கல் சுண்ணாம்பானாலும், சுத்தமாக இருக்கிற வரை அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கெட்டிப்படும். சுவர்ப் பூச்சு அரை அங்குலக் கனம் என்பதால் காற்று உள்ளே போகிறது. மூன்று அங்குலத் தளத்தில், அதுவும் மேலே சிமென்ட் கலவையும் ஓடும் வைத்து மூடிய பிறகு, காற்று எங்கிருந்து போகும்? மேல்தோல் மட்டும் இறுகும். உள்ளே அப்படியே இருக்கும்.

சுட்ட களிமண் தூள் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. களிமண்ணை ஏறத்தாழ 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால், அதன் கட்டமைப்பில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, சிலிக்காவும் அலுமினாவும் ஒழுங்கு குலைந்து, சுண்ணாம்போடு சேரத் தயாரான நிலையில் நிற்கும். மாவாக அரைத்துச் சுண்ணாம்போடு பிசைந்தால் ஈரத்திலேயே இரண்டும் வினைபுரிந்து கெட்டிப்படும். காற்று தேவையில்லை, தண்ணீருக்குள் கிடந்தாலும் இறுகும். ரோமானியர்கள் குளியலறைத் தரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஓட்டுத்தூள் கலந்ததும் இதற்காகத்தான். அவ்வளவு தூரம் போவானேன்? 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல்தூள்) கலந்த சாந்தில் எழுந்தது. அன்றைய சென்னை மாகாணப் பொறியாளர்கள் ஓர் அணைக்கே நம்பிய பொருளை மொட்டை மாடிக்கு நம்பலாம்.

‘ஜல்லியே சுட்ட களிமண்தானே, அது வினைபுரியாதா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். புரியும், ஆனால் அதன் தோலில் மட்டும். 20 மி.மீ. துண்டின் வெளிப்பரப்பு மிகக் குறைவு. அதையே மாவாக்கினால் பரப்பு பல நூறு மடங்கு பெருகும். மேலும் தரக்கட்டுப்பாடு என்ற பெயரில் ஜல்லியைச் சலித்து, தூசியை வெளியே கொட்டச் சொல்கிறோம். மண்தூசி போக வேண்டியதுதான். கூடவே செங்கல்தூளும் போய்விடுகிறது.

அளவுக்கு வருவோம். 20 மி.மீ. ஜல்லியைப் பெட்டியில் கொட்டினால் அதில் ஏறத்தாழ 45 சதவீதம் வெற்றிடம். அதாவது 32 பங்கு ஜல்லியில் சுமார் 14½ பங்கு இடைவெளி. 12½ பங்கு சுண்ணாம்பு விழுது அதை நிரப்பப் போதாது. போதாததோடு, விழுதில் பாதி தண்ணீர். அது காயும்போது சுருங்கி, ஜல்லிக்கும் சாந்துக்கும் நடுவே மயிரிழை விரிசல் விடும். நாங்கள் சொல்வது 32:10:10. ஜல்லி 32, சுண்ணாம்பு விழுது 10, நைசான ஓட்டுத்தூள் 10. தூளைத் தளர்வாக அளந்தால் பாதி காற்று. விழுதில் கலந்ததும் 10 பங்கு தூள் 5 பங்கு இடம்தான் பிடிக்கும். ஆக 15 பங்கு சாந்து 14½ பங்கு இடைவெளியை நிரப்பும். அடித்து இறுக்கும்போது மிஞ்சுவது பால்போல மேலே எழும். அந்தப் பால் எழாத தளம் சரியான தளம் ஆகாது.

மேஸ்திரிக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 100 சதுர அடிக்கு, இறுகிய பிறகு 3 அங்குலக் கனம் நிற்க, ஜல்லி 32 கன அடி, விழுது 10 கன அடி, தூள் 10 கன அடி. அந்த விழுதுக்குச் சுடுசுண்ணாம்பு (இன்னும் நீற்றாத சுண்ணாம்பு) 140 முதல் 150 கிலோ வேண்டும். ஜல்லியும் தூளுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 1.2 டன் உடைந்த சுடுமண் இந்த நூறு சதுர அடிக்குள் போய்விடும். குப்பைமேட்டுக்குப் போகிற லாரிகளின் கணக்கை வைத்திருக்கிறவர்கள் இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

எந்தச் சுடுமண் ஆகும், எது ஆகாது என்பதில்தான் ஏமாற்றங்கள் நடக்கின்றன. எங்கள் அனுபவத்தில் முதல் தரம் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, விறகுச் சூளையில் மிதமான சூட்டில் வெந்தது. மெல்லியது, உள்வரை ஒரே நிறம், அரைக்கச் சுலபம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பழைய வீடு இடிபட்டால் முதலில் தெருவில் விழுவது இதுதான். பாசியையும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சையும் தேய்த்துக் கழுவிவிட்டால் போதும். அடுத்தது பானைச்சூளைக் கழிவு: வெடித்த பானை, கோணிய சட்டி, சூளையை மூடப் பயன்படுத்திய ஓட்டாஞ்சில்லு. சூடு சரியான சூடு. இரண்டு சங்கடம் மட்டும் உண்டு. ஒன்று, சூளையின் ஓரத்தில் இருந்தவை வேகாமல் நின்றிருக்கும். இரண்டு, சாம்பல் ஒட்டியிருக்கும். சாம்பலில் உப்பு உண்டு, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும்.

செங்கல்லில், திருவள்ளூர், செங்கல்பட்டுச் சூளைகளில் இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிற, சற்றே வெளிறிய, ஆனால் வெந்த கல் தூளுக்கு நன்றாக ஆகும். அதிகம் வெந்து கருத்து, கண்ணாடிபோல உருகிய கல்லைத் தூளாக்கிப் பயனில்லை. அது மறுபடி இறுகிவிட்ட பொருள், சுண்ணாம்பைச் சீண்டாது. அதை உடைத்துத் தரைக்கு அடியில் நிரப்பலாம். மங்களூர் ஓடு இடைப்பட்டது. இறுக்கி அழுத்தி, கூடுதல் சூட்டில் சுட்டது. ஜல்லிக்குச் சிறப்பு, தூளுக்குச் சுமார். பளபளப்புப் பூசிய டைல்ஸ், விட்ரிஃபைடு டைல்ஸ், கழிப்பறைக் கோப்பை ஆகியவை எதற்கும் ஆகாது. சுட்டதுதானே என்று கொண்டுவந்து கொட்டுகிறார்கள், வாங்காதீர்கள். கொசப்பேட்டையிலிருந்து வரும் உடைந்த கொலு பொம்மைகளிலும் கவனம் வேண்டும். சுட்ட மண் பொம்மை என்றாலும் அதன் மேல் பெயின்ட் இருக்கும். சில பொம்மைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இருக்கும். பிளாஸ்டர் என்பது ஜிப்சம். சுண்ணாம்பும் சுட்ட களிமண்ணின் அலுமினாவும் ஈரமும் இருக்கிற இடத்தில் ஜிப்சம் சேர்ந்தால், மாதங்கள் கழித்து உள்ளே உப்பி, தளத்தைத் தூக்கிவிடும். பொய்க்கூரை இடித்த குப்பையோடு கலந்த செங்கல்லைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

சோதனைகள் கடினமானவை அல்ல. துண்டை உடைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு வரி தடிமனாக ஓடினால் வேக்காடு போதவில்லை. ஆணியால் கீறினால் கோடு விழ வேண்டும், மண்ணாக உதிரக் கூடாது. வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டால் கரையவோ குழையவோ கூடாது. தூளில் ஒரு பிடியை நல்ல தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வெள்ளைப் படலம் தடிப்பாகப் படிந்தால் உப்பு அதிகம், திருப்பி அனுப்புங்கள். கடைசியாக முக்கியமான சோதனை. விழுது ஒரு பங்கு, தூள் இரண்டு பங்கு பிசைந்து, வடை அளவுக்குத் தட்டி, ஈரச் சாக்கில் ஏழு நாள் மூடிவைத்து, எட்டாம் நாள் தண்ணீரில் மூழ்க விடுங்கள். மேலும் ஏழு நாள் கழித்துக் கட்டைவிரல் நகம் அதில் இறங்கவில்லையென்றால் தூள் உயிருள்ள தூள். குழைந்தால், அது வெறும் சிவப்பு மண். ஆய்வகச் சான்று வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணயங்கள் (ஐ.எஸ்.) உண்டு: சுட்ட களிமண் பொசோலானாவுக்கு, அதாவது சுண்ணாம்போடு வினைபுரியும் இந்தத் தூளுக்கு, ஐ.எஸ். 1344 இருக்கிறது, சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712, செங்கல் ஜல்லிக்கு ஐ.எஸ். 3068, கூரைமேல் சுண்ணாம்புக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 3036. புதிதாக விதி எழுத வேண்டிய வேலை எதுவும் உங்களுக்கு இல்லை. இருப்பவற்றின் எண்ணை மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மாநகராட்சிக்குத் தனியாக ஒரு சொல். கட்டட இடிபாடுகளைப் பிரித்துக் கையாள வேண்டும் என்று 2016-இலேயே மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைக்கும் ஆலைகளும் இருக்கின்றன. கான்கிரீட்டையும் செங்கல்லையும் ஓட்டையும் ஒன்றாக அரைத்துவிட்டால் கிடைக்கும் தூள் மேடு நிரப்பத்தான் உதவும். அதில் சிமென்ட், ஜிப்சம், பெயின்ட் எல்லாம் கலந்திருக்கும். பிரிக்க வேண்டிய இடம் ஆலை அல்ல, இடிக்கிற வீடு. ஓட்டுக்கூரை வீட்டை இடிக்க அனுமதி தரும்போதே, ஓட்டைத் தனியாக இறக்கி அடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். ஓட்டை இறக்குவது எப்படியும் கையால் செய்கிற வேலை. தனியாக அடுக்கக் கூடுதல் செலவு பெரிதாக வராது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் செங்கல்லும் அப்படியே. அதில் ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்பு எந்தக் கெடுதலும் செய்யாது. சிமென்ட் சாந்தில் கட்டிய செங்கல்லை மட்டும் ஒதுக்குங்கள்.

அரைக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்தத் தூசியில் சிலிக்கா உண்டு. உலர்வாக அரைத்தால் சித்தாள்களின் நுரையீரலுக்குக் கேடு. மூடிய அரவை எந்திரம், இல்லையென்றால் தண்ணீர் தெளித்து அரைத்தல், இரண்டிலும் தூசித் தடுப்பு முகக்கவசம். மதிப்பீட்டில் இதற்கும் காசு ஒதுக்குங்கள், ஒதுக்காவிட்டால் யாரும் போட மாட்டார்கள்.

இனி வேலை. சுடுசுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைத் தெளிப்பதல்ல. கொதித்து அடங்கியதும் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடித்து, குழியில் தண்ணீருக்கு அடியில் குறைந்தது 15 நாள் வைக்க வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே எடுத்தால், அதிகம் வெந்த சுண்ணாம்புக் குருணைகள் தளத்துக்குள் போய்ப் பிறகு நீறும். ஒவ்வொன்றும் ஒரு பொரி வெடித்ததுபோலக் குழி போட்டு மேற்பரப்பைத் தூக்கும். மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புப் பொடியை வாங்குவதாக இருந்தால் மூட்டையின் வயதைப் பாருங்கள். சிட்டிகைப் பொடியில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டு, சோடாபோல நுரைத்துப் பொங்கினால் அது செத்த சுண்ணாம்பு, கோலப்பொடிக்குத்தான் லாயக்கு.

ஜல்லியை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் வடிய விட வேண்டும். உலர்ந்த ஜல்லி சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், வினை பாதியில் நிற்கும். தூளையும் விழுதையும் முதலில் செக்கிலோ கலவை எந்திரத்திலோ நன்றாக மசிய அரைத்து, நிறம் சீரான பிறகே ஜல்லியைச் சேர்க்க வேண்டும். கலவை அன்றைக்கே தீர வேண்டும். தூள் சேராத சுண்ணாம்புபோல இதை நாட்கணக்கில் வைத்து மறுபடி குழைத்துப் போடுவது கூடாது. கலவைக்கு உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீரை நம்பி வேலை ஆரம்பித்த பிறகு, கோடையில் தளம் முழுக்க உப்புப் பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மொட்டை மாடியில் வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம். தண்ணீர் போகும் குழாயருகே கனம் 2½ அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கலவையைக் கொட்டும்போது வேண்டிய கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கொட்டி, சில மணி நேரம் விட்டு, மரக்கட்டையால் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். கான்கிரீட் கூரைமேலும், மர உத்திரத்தில் செங்கல் நிறுத்திய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைமேலும் கைக்கட்டை மட்டுமே. திமிசு (கனமான இடிகட்டை) போட்டால் கீழே உத்திரம் அதிரும். வரிசையாக உட்கார்ந்து நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்குவாக்கில் ஒரு சுற்று. இடையிடையே கடுக்காய்-வெல்லத் தண்ணீர் தெளிப்பு. எங்கள் அளவு, 100 லிட்டர் தண்ணீருக்குக் கொட்டை நீக்கி உடைத்த கடுக்காய் 1½ கிலோ, வெல்லம் 3 கிலோ. ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டியது. இரும்பு டிரம்மில் ஊறவைக்காதீர்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மசிபோலக் கறுத்து, தளத்தில் திட்டுத்திட்டாகக் கறை பிடிக்கும். பிளாஸ்டிக் டிரம்மோ மண் தொட்டியோ போதும். பழைய மரபு என்று சொல்லி வெல்லத்தை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அதிக வெல்லம் இறுகுவதைத் தள்ளிப்போடும், எறும்பும் வரும்.

அடி எத்தனை நாள்? ஒப்பந்ததாரர் ஒரு நாள் என்பார். மூன்று நாளுக்குக் குறைந்து நாங்கள் எங்கும் சரியான தளத்தைப் பார்த்ததில்லை. முதல் நாள் ஜல்லி அசையும், இரண்டாம் நாள் அசைவு நிற்கும், மூன்றாம் நாள் கட்டை துள்ளும். கட்டை துள்ளி எழுகிறதா, சத்தம் மந்தமாக இல்லாமல் கணீரென்று வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் உள்ளங்கை அளவில் கிண்ணம்போலக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் சட்டென்று உள்ளே இழுக்காமல் நின்றால் இறுகியிருக்கிறது. இரண்டாம் நாள் தோன்றும் சிலந்திவலை விரிசல்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே அடித்தால் மூடிக்கொள்ளும். காய்ந்த பிறகு அதே விரிசலுக்கு மருந்தில்லை. சிமென்ட் பால் ஊற்றி மறைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கரண்டி முனையால் சுரண்டிப் பாருங்கள்.

கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் தளத்தை 6 அங்குல உயரத்துக்கு வளைத்து ஏற்றி, சுவர்ப் பூச்சுக்கு உள்ளே செருக வேண்டும். கசிவென்று வரும் புகார்களில் பெரும்பாலானவை நடுத்தளத்தில் தொடங்குவதில்லை, இந்த மூலையில்தான் தொடங்குகின்றன. பிறகு ஈரச் சாக்கு போட்டுப் பத்துப் பதினான்கு நாள். முதல் மூன்று நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தக் கூடாது, மேல் சாந்து கழுவிப் போகும். ஓடு பதிப்பதற்கு அவசரம் வேண்டாம். பதிக்கிற கலவையும் சுண்ணாம்பும் ஓட்டுத்தூளுமாக இருந்தால் இன்னும் நல்லது. அடியில் மூச்சு விடுகிற தளமும் மேலே மூச்சு விடாத சிமென்ட்டும் இருப்பது பொருத்தமில்லாத சம்பந்தம்.

காலம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அக்னி நட்சத்திரத்தில் மேல்பரப்பு மணி நேரத்தில் காயும். சென்னையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு நல்ல காலம். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில் வேலை ஆணை கொடுத்து, மார்ச் 31-க்குள் முடிக்கச் சொன்னால், 15 நாள் ஊறும் சுண்ணாம்பை எங்கே போய் வாங்குவது?

மெட்ராஸ் டெரஸ் கூரைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தேக்கு உத்திரம், அதன் மேல் மூலைவாட்டமாகக் குத்துக்கல்லாக நிறுத்திய மெல்லிய செங்கல், அதன் மேல் சுர்க்கித் தளம், அதற்கும் மேல் தட்டோடு. இது முழுக்கச் சுண்ணாம்பில் மூச்சு விடுகிற கூரை. கசிந்ததும் மேலே சிமென்ட் பூச்சு போடுகிறார்கள். அடுத்த கசிவுக்கு இன்னொரு பூச்சு. எடை ஏறுகிறது, மேலே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் செருகிய உத்திர முனையில் போய் நிற்கிறது, முனை உளுக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் நடு உத்திரம் திடமாகத் தெரியும். புதுத் தளம் போடும் முன் மேலேயுள்ள எல்லாப் படலத்தையும் எடுத்து, முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு உத்திர முனையையும் துளையூசியால் குத்திப் பார்ப்பதை மதிப்பீட்டிலேயே ஒரு வேலையாக எழுதுங்கள். 3 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. பழையதை எடுக்காமல் அதை ஏற்றக் கூடாது. சேப்பாக்கத்தில் கலச மகாலையும் உமாயூன் மகாலையும் சுண்ணாம்பு முறையிலேயே சீரமைத்தது பொதுப்பணித் துறைதான். மாநகராட்சியின் சொந்த வீடான ரிப்பன் மாளிகையும் 1913-இல் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்ததே. பெரிய கட்டடங்களுக்குத் தெரிகிற இந்த வித்தை, ஒரு வார்டு அலுவலகத்தின் பழைய மாடிக்கு வரும்போது ஏன் மறந்துபோகிறது?

தரைத்தளத்துக்கும் இதே தூள் ஆகும். மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, 4 அங்குலம் மணல், அதன் மேல் மேலே சொன்ன கலவை 3 அங்குலம். இங்கே முதல் சுற்றுக்கு லேசான திமிசு போடலாம். ஏழு நாள் கழித்து அரை அங்குலப் பூச்சு: விழுது 1, தூள் 1½, தூளில் பாதி 3 மி.மீ. வரையுள்ள குருணையாக இருக்கட்டும். அது தோல் பதத்துக்கு வந்ததும், வஸ்திரகாயம் செய்த (துணியில் சலித்த) தூளும் விழுதும் சமமாகச் சேர்த்து 2 மி.மீ. மேல்பூச்சு, மணியாசுக்கட்டையால் (பூச்சைச் சமமாக்கும் மரப்பலகை) ஒரு தேய்ப்பு, பிறகு கரண்டியாலும் கூழாங்கல்லாலும் காயக் காயத் தேய்ப்பு. முழுக்க உலர ஒரு மாதம். அதன் பிறகு ஆளிவிதை எண்ணெய் மிக மெல்லியதாக இரண்டு கை. நிறம் ஓட்டின் நிறமே வரும். காவிநிற ரெட் ஆக்சைடு தரையையும் இதையும் ஒன்றாக்கி ‘பாரம்பரியத் தரை’ என்று மதிப்பீட்டில் எழுதுவதைப் பார்க்கிறோம். அது சிமென்ட் தரை. அழகானது, ஆனால் வேறு சாதி.

அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விரித்தால் ஓதம் தரை வழியே ஆறாமல் சுவருக்கு ஏறும். வேண்டாம். ஆனால் வேளச்சேரிபோலக் களிமண் பூமியாக இருந்தால், மணலை 6 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்ணின் மேல் எந்தத் தரையானாலும் தூக்கும், இதுவும் தூக்கும்.

இந்தத் தரை எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. மருத்துவமனை வார்டு, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், சமையலறைத் தொட்டியடி ஆகிய இடங்களில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு துளி விழுந்தால் சுண்ணாம்பு அரிக்கும். எலுமிச்சை, புளி, தயிர்கூடக் கறை விடும். அங்கன்வாடி, நூலகம், பழைய வீட்டுத் தாழ்வாரம், கோயில் மேல்தளம், திருச்சுற்று மண்டபக் கூரை போன்ற இடங்களில்தான் இது நிலைத்து உழைக்கும். பராமரிக்கிறவர்களிடம் ‘ஆசிட் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆகவே உருப்படியில் நாங்கள் சேர்க்கக் கேட்கும் சொற்கள்: ‘ஐ.எஸ். 1344-இன்படி சோதித்த, 600 முதல் 800 டிகிரியில் வெந்த சுட்ட களிமண் தூள், ஜல்லி, சுண்ணாம்பு விழுது, தூள் 32:10:10 கன அளவில். ஜிப்சம், பெயின்ட், மெருகிட்ட ஓடு கலவாதது. மூன்று நாளுக்குக் குறையாமல் கைக்கட்டையால் அடித்து, குழிநீர்ச் சோதனை செய்து, பதினான்கு நாள் ஈரம் காத்தது.’ அடிக்கிற கூலியைத் தளத்தின் விலைக்குள் கரைக்காமல் தனி வரியாகப் போடுங்கள். விலையைக் குறைக்க ஒப்பந்ததாரர் முதலில் கை வைப்பது அதில்தான்.

எங்கள் விகிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உங்களுக்கு வசதியான ஏதாவதொரு துறைக் கட்டடத்தின் மாடியில் பத்தடிக்குப் பத்தடி இரண்டு கட்டம் ஒதுக்குங்கள். ஒன்றில் இப்போதைய 32:12½, மற்றொன்றில் 32:10:10. ஒரே கொத்தனார், ஒரே சுண்ணாம்பு, ஒரே அடி. ஜனவரியில் போட்டு, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு இரண்டிலும் ஓட்டைப் பெயர்த்து, நடுக்கனத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தூளும் ஜல்லியும் நாங்கள் தருகிறோம், ஆட்களையும் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் சுண்ணாம்புத் தள வேலையும் சூளை வேலையும் பார்ப்பவர்கள்

பி.கு.: விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் மிஞ்சிய சிலை மண்ணை இந்த வேலைக்கு அனுப்பலாமே என்ற யோசனை உங்களில் யாருக்காவது வரும். அந்த மண் சுடாத மண். தண்ணீர் பட்டால் கரைய வேண்டும் என்றே செய்தது. அதைச் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம், அப்படியே அனுப்ப வேண்டாம்.